ஒலியால் ஆன அறிவு

விழிஞ்ஞத்தில் கரையை விட்டுச் சற்று நகர்ந்ததுமே கடல் ஆழமாகிவிடும். ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்த ஊர் அது. 2025 மே மாதம் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தை அங்கே கட்டியதற்குப் பெரிய காரணம் அந்த ஆழம்தான். உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள் அங்கே கரையை ஒட்டி வந்து நிற்கின்றன. அதே ஆழத்தில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கப் போனால் கண் சீக்கிரமே தோற்றுவிடும். மழைக்காலக் கலங்கலில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. தெளிந்த நாளிலும் 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் அநேகமாக இல்லை. ஒலியின் கதை வேறு. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் அது, கடல்நீரில் 1,500 மீட்டர் போகிறது. வெகு தொலைவுக்கும் போகிறது.

2021-ல் கடற்பாலூட்டி ஆய்வாளர் திபானி சுதாரியா, கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் பேராசிரியர் அ. பிஜு குமார் ஆகியோர் இடம்பெற்ற குழு, விழிஞ்ஞம் கடலில் ஹைட்ரோபோன் என்னும் நீரடி ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டது. அதில் நீலத் திமிங்கிலத்தின் குரல் பதிவாகியிருந்தது. உலகின் மிகப் பெரிய விலங்கு திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் நடமாடுவதைக் காது சொன்னது. இந்த அத்தியாயம் நீலத் திமிங்கிலத்தைப் பற்றியதல்ல. அதே நீரில் வாழும் அதன் சின்ன உறவினரான டால்பினைப் பற்றியது. ஆனாலும் அந்த ஹைட்ரோபோனிலிருந்து தொடங்குவதே சரி. டால்பினின் அறிவைக் கண்ணால் அளக்கப் போனவர்கள் பாதியைத் தவறவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

விழிஞ்ஞத்து மீனவர்களுக்கு டால்பின் அன்றாடம் தென்படும் உயிர். மலையாளத்தில் கடல்பன்னி என்பார்கள். தமிழ்க் கரையில் ஓங்கில் என்ற பெயரும் உண்டு. வெளிக்கடலில் சூரை மீன் கூட்டத்தோடு ஸ்பின்னர் டால்பின்கள் போகும்; துள்ளி எழுந்து காற்றிலேயே உடலைச் சுழற்றி விழும். கரையோரத்தில் திமில் டால்பினும் பாட்டில்மூக்கு டால்பினும் வரும். இவற்றைப் பார்த்த எவருக்கும் எழும் கேள்வி, இது எவ்வளவு புத்திசாலி என்பதுதான். குரங்கை விடவா, யானை அளவுக்கா, சின்னக் குழந்தை அளவுக்கா?

முதலில் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். மனித மூளை ஏறத்தாழ 1.3 கிலோ. பாட்டில்மூக்கு டால்பினுடையது 1.6 கிலோவை நெருங்கும். யானைக்கு 5 கிலோ, விந்துத் திமிங்கிலத்துக்கு 8 கிலோ வரை. எடைதான் அறிவு என்றால் நாம் கடைசி வரிசையில் நிற்க வேண்டும். பெரிய உடலுக்குப் பெரிய மூளை தேவைப்படும் என்பதால், உடல் அளவை வைத்து எதிர்பார்ப்பதை விட மூளை எத்தனை மடங்கு பெரியது என்று கணக்கிடும் முறையை 1973-ல் ஹாரி ஜெரிசன் முன்வைத்தார். அந்தக் கணக்கில் மனிதனுக்கு 7-ஐ ஒட்டிய எண் வருகிறது, பாட்டில்மூக்கு டால்பினுக்கு 4-க்குச் சற்று மேல், சிம்பன்சிக்கு 2.5 அளவில், யானைக்கு அதற்கும் கீழே. நமக்கு அடுத்த இடத்தில் நம் நெருங்கிய உறவான சிம்பன்சி இல்லாமல் ஒரு கடல் விலங்கு நிற்பதைப் பார்த்து உலகம் வியந்தது நியாயமே.

இந்த எண்ணையும் முழுதாக நம்பிவிட முடியாது. கொழுப்பு ஏறிய உடலை எடைபோட்டால் விகிதம் மாறிவிடும். நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தால் படம் இன்னும் குழம்புகிறது. மனிதப் பெருமூளைப் புறணியில் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள். டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த நீள்துடுப்புப் பைலட் திமிங்கிலத்தின் புறணியில் 3,700 கோடி என்று 2014-ல் எண்ணிச் சொன்னார்கள். ஆப்பிரிக்க யானையின் மூளையில் மொத்தம் 25,700 கோடி இருந்தும் புறணியில் 560 கோடிதான். மிச்சத்தில் பெரும்பகுதி சிறுமூளையில் இருக்கிறது. நீரில் மூளையைச் சூடாக வைத்துக்கொள்ளத்தான் டால்பினின் மூளை பெருத்தது, அறிவுக்காக அல்ல என்று தென்னாப்பிரிக்க ஆய்வாளர் பால் மேங்கர் 2006-ல் வாதிட்டார். லோரி மரினோவும் பலரும் அதை மறுத்தார்கள். காகத்தின் மூளை சில கிராம்தான். அந்தச் சிறிய மூளையைக் கொண்டே நியூ கலிடோனியக் காகம் குச்சியைக் கொக்கியாக்கிப் புழுவை எடுக்கிறது. எனவே அளவு ஓரளவுக்கே துணை வரும். அந்த மூளை எதற்காக வளர்ந்தது என்று கேட்பதுதான் கூடுதல் பலன் தரும்.

அந்தக் கதையின் முதல் பக்கம் இந்தியாவில் கிடைத்தது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் பல ஆண்டுகளுக்கு முன் பாறைத் துண்டுகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவி அவற்றை அமெரிக்க ஆய்வாளர் ஹான்ஸ் தெவிஸனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் அந்தப் பாறையிலிருந்து ஒரு மண்டையோட்டைப் பிரிக்கும்போது காதெலும்பு தற்செயலாக உடைந்தது. உடைந்த இடத்தில் உட்சுவர் தடித்து இருந்தது. திமிங்கிலக் குடும்பத்தை அடையாளம் காட்டும் தடிப்பு அது. ஆனால் அந்த மண்டையோட்டுக்கு உரியது நான்கு குளம்புக் கால்களோடு, பூனையளவில், பார்க்கச் சருகுமான் போலிருந்த ஒரு விலங்கு. இந்தோஹையஸ் என்ற அந்த விலங்கு 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடைகளில் இறங்கி வாழ்ந்தது என்று தெவிஸனும் ரூர்க்கி ஐஐடியின் சுனில் பாஜ்பாயும் இன்னும் சிலரும் 2007-ல் அறிவித்தார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியிலோ, அசோக் சாஹ்னி போன்ற இந்தியத் தொல்லுயிரியலாளர்கள் 1970-களிலேயே ஆதித் திமிங்கிலங்களின் எலும்புகளைக் கண்டெடுத்திருந்தார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒன்று. கால் துடுப்பாவதற்கும், மூக்கு உச்சந்தலைக்கு ஏறுவதற்கும், மூளை பெருப்பதற்கும் முன்பே காது மாறத் தொடங்கியிருக்கிறது. மூளை பெருத்தது வெகு காலம் கழித்து, சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன், பல்லுள்ள திமிங்கிலங்கள் தோன்றியபோது. ஒலியை எறிந்து எதிரொலியைக் கேட்டு இரை தேடும் திறன் வந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான். மனிதனையும் டால்பினையும் பெற்ற பொது மூதாதை 9 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு சின்னஞ்சிறு பாலூட்டி. அங்கிருந்து இரண்டு கிளைகள் தனித்தனியே பெரிய மூளைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று மரத்தில் கையால் பற்றி, கண்ணால் தூரம் அளந்து வந்தது. மற்றொன்று கையே இல்லாமல், இருட்டு நீரில் காதை நம்பி வந்தது. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை உடலுக்கேற்ற மூளைக் கணக்கில் பூமியில் முதலிடம் அந்த இரண்டாம் கிளைக்குத்தான். நாம் பிந்தி வந்தவர்கள்.

டால்பின் எப்படிக் கேட்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூச்சுத்துளைக்குக் கீழே, நாசிப் பாதையில் இருக்கும் இரண்டு இணை இதழ்கள் அதிர்ந்து ‘டிக்’, ‘டிக்’ என்று மிகச் சிறிய ஒலிகளைப் பிறப்பிக்கின்றன. நெற்றியில் புடைத்திருக்கும் கொழுப்பு உறுப்பு அந்த ஒலியை ஒரு கற்றையாகக் குவித்து முன்னால் அனுப்புகிறது. பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடையின் கொழுப்பு வாங்கி உட்காதுக்குச் சேர்க்கிறது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டால்பினுடையது 150 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டு உலோகக் குழாய்களின் சுவர்த் தடிமனில் 0.3 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலும் எட்டு மீட்டர் தள்ளி நின்றே அது கண்டுகொள்கிறது. வெளியே தெரியாத உட்சுவரைக் கண்ணால் யாராலும் அளக்க முடியாது.

இப்படிக் கேட்பது வெறும் எச்சரிக்கை மணி போன்றதா, அல்லது மனதுக்குள் உருவம் ஒன்று எழுகிறதா? ஹவாயில் லூயிஸ் ஹெர்மனும் ஆடம் பேக்கும் 1990-களில் செய்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. ஒலி போகும், ஆனால் பார்வை போகாத பெட்டிக்குள் விநோத வடிவப் பொருளொன்றை வைத்தார்கள். டால்பின் எதிரொலியால் மட்டும் அதை அறிந்துகொண்டது. பிறகு நீருக்கு மேலே, ஒலிக்கு எட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சில பொருட்களைக் காட்டியபோது, பெட்டிக்குள் இருந்ததைச் சரியாகத் தேர்ந்தெடுத்தது. காதால் அறிந்ததைக் கண்ணால் அடையாளம் கண்டது என்றால், இரண்டுக்கும் பொதுவான ஓர் உருவம் அதன் மனதில் இருந்தாக வேண்டும்.

ஹெர்மனிடம் வளர்ந்த அகேயகாமாய் என்ற பெண் டால்பின் சைகை மொழியில் ஐந்து சொல் வரை நீளும் கட்டளைகளைப் புரிந்துகொண்டது. வளையத்தைக் குழாயிடம் கொண்டுபோ என்பதற்கும் குழாயை வளையத்திடம் கொண்டுபோ என்பதற்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரிந்தது. வேற்றுமை உருபு இல்லாத அந்தச் சைகைகளில் சொல்வரிசை ஒன்றே பொருளை மாற்றியது. இது பெரிய திறமை. அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: அகேயகாமாய் அந்தச் சைகைகளைக் கொண்டு தானாக ஒரு வாக்கியம் அமைத்துப் பேசவில்லை. நேற்று நடந்ததையோ நாளை நடக்க வேண்டியதையோ டால்பின்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன என்பதற்கு இன்றுவரை சான்று இல்லை. கற்றதன் மேல் கற்றதை அடுக்கித் தலைமுறைதோறும் வளர்த்துக்கொண்டே போகும் மனித மொழிக்கு இணையான ஒன்றை வேறெந்த விலங்கிடமும் நாம் காணவில்லை. டால்பின்மேல் உள்ள அன்பினால் இதை மறைப்பது அதற்குச் செய்யும் உதவியாகாது.

பெயர் மட்டும் அவற்றுக்கு உண்டு. ஒவ்வொரு பாட்டில்மூக்கு டால்பினும் பிறந்த முதல் சில மாதங்களில் தனக்கென ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. 1960-களிலேயே கால்டுவெல் தம்பதியர் இதைக் கவனித்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி கிங்கும் வின்சென்ட் யானிக்கும் 2013-ல் கடலில் திரியும் டால்பின்களுக்கு இந்தச் சீழ்க்கைகளைப் போட்டுக் காட்டினார்கள். தன் சீழ்க்கை கேட்டபோது அந்த டால்பின் பதில் கொடுத்தது, அந்நியருடையதற்குக் கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஜேசன் ப்ரக் வெளியிட்ட ஆய்வில், ஒரு காலத்தில் உடன் வாழ்ந்த டால்பினின் சீழ்க்கையை இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்த பிறகும் இன்னொரு டால்பின் அடையாளம் கண்டது. 2024-ல் கென்யாவின் யானைகளைப் பற்றி வந்த ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. டால்பின், அழைக்க வேண்டிய தோழனின் சீழ்க்கையை அப்படியே திருப்பிச் சொல்லி அழைக்கிறது. யானையோ, அழைக்கப்படும் யானையின் குரலைப் போலி செய்யாமல், தானே இட்ட அழைப்பால் கூப்பிடுவதாகத் தெரிகிறது. அந்த வகையில் நாம் பெயர் வைக்கும் முறைக்கு யானையே நெருக்கம்.

கண்ணாடிச் சோதனையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்ப்போம். உடலில் ஒரு குறியிட்டுக் கண்ணாடிமுன் நிறுத்தினால், அந்தக் குறியைத் தன்மேல் தேடும் விலங்குக்குத் தன்னுணர்வு உண்டு என்பது 1970-லிருந்து வரும் அளவுகோல். சிம்பன்சி தேறியது. நியூயார்க் அக்வேரியத்தின் இரண்டு டால்பின்கள் தேறியதை 2001-ல் டயானா ரைஸும் லோரி மரினோவும் காட்டினார்கள். 2006-ல் ஆசிய யானை ஒன்று, 2008-ல் மேக்பை பறவை, 2019-ல் விரலளவு துப்புரவு மீன் என்று பட்டியல் நீண்டது. நாய் தேறுவதில்லை. முகர்ந்து உலகை அறியும் நாய்க்குக் கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கு மணமே இல்லை. அதைத் தான் என்று அது ஏன் எண்ண வேண்டும்? கண்ணால் வாழும் உயிர் தன் சாயலில் அமைத்த தேர்வு இது. காதால் வாழும் டால்பின் அதிலும் தேறியது என்பதுதான் எனக்கு வியப்பு. டால்பின்கள் நமக்குத் தேர்வு வைத்தால், கலங்கிய நீரில் எதிரொலியைக் கேட்டு மத்தியையும் அயலையையும் பிரித்துச் சொல்லும்படி கேட்கும். நம்மில் ஒருவரும் தேற மாட்டோம்.

குளத்துக்குள் நடந்த சோதனைகளை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது விழிஞ்ஞத்துக்கு வடக்கே, கொல்லம் அஷ்டமுடிக் காயலில் நடப்பது. காயல் கடலோடு சேரும் நீண்டகரைப் பக்கம் திமில் டால்பின்கள் உள்ளே வரும். ஆழமற்ற நீரில் வீச்சுவலையோடு மீனவர்கள் காத்திருப்பார்கள். டால்பின்கள் மீன்கூட்டத்தை அவர்கள் பக்கம் விரட்டும். அவர்கள் வலை வீசுவார்கள். மிரண்டு சிதறும் மீன் டால்பினுக்கு எளிதாகக் கிடைக்கும். பிஜு குமார், ஸ்மிருதி, இந்தியக் கடற்பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய குமரன் சதாசிவம் ஆகிய மூவரும் 2012-ல் இந்திய மீன்வள ஆய்விதழில் இதைப் பதிவு செய்தார்கள். இந்த டால்பின்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யாருமில்லை. வாளியில் மீன் காட்டி ஆசை மூட்டியவரும் இல்லை. விரும்பினால் வரும், விரும்பாவிட்டால் போகும். உலகில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்ட ஒரு விலங்கு, கேரளத்து மீனவரைத் தொழில் கூட்டாளியாகத் தேர்ந்துகொண்டிருக்கிறது.

உலகில் இப்படி நடக்கும் இடங்கள் சில மட்டுமே. பிரேசிலின் லகூனா நகரில் 140 ஆண்டுகளுக்கு மேலாக மீனவர்களும் பாட்டில்மூக்கு டால்பின்களும் சேர்ந்து மடவை பிடிக்கிறார்கள். டால்பின் திடீரென்று அமிழ்ந்து காட்டும் சைகையைப் பார்த்து மீனவர் வலையை எறிவார். 2023-ல் மாவ்ரீசியோ கான்டோர் குழு வெளியிட்ட கணக்குப்படி, டால்பின் இருக்கும்போது மீனவருக்கு மீன் கிடைக்கும் வாய்ப்பு 17 மடங்கு கூடுகிறது. கூட்டு வேட்டையில் பங்கேற்கும் டால்பின்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பும் 13 சதவீதம் அதிகம். அந்த ஊரின் எல்லா டால்பின்களும் இதைச் செய்வதில்லை. தாயோடு சேர்ந்து வந்து கற்ற குட்டிகள் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவிலும் சில டால்பின்கள் கடற்பஞ்சைப் பிய்த்து மூக்கில் மாட்டிக்கொண்டு, முரட்டுக் கடலடியைக் காயமின்றிக் கிளறி மீன் தேடுகின்றன. இதுவும் தாயிடமிருந்து, பெரும்பாலும் மகளுக்குப் போகும் கலை. மரபணுவில் எழுதப்படாமல் வீட்டில் கற்றுக்கொள்ளும் இப்படிப்பட்ட பழக்கத்துக்குப் பண்பாடு என்ற சொல்லைத் தவிர வேறு சொல் பொருந்தவில்லை.

கையில்லாத விலங்குக்குக் கூட்டாளிதான் கை. ஷார்க் விரிகுடாவின் ஆண் டால்பின்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து அணி அமைக்கின்றன, அந்த அணிகள் சேர்ந்து பெரிய அணி, அவற்றுக்குள்ளும் கூட்டணிகள். இந்த அடுக்குக் கூட்டணியை நாற்பது ஆண்டுகளாக ரிச்சர்ட் கானரும் அவருடைய குழுவும் பின்தொடர்ந்து வருகிறார்கள். மனிதரை விட்டால் இவ்வளவு பின்னலான கூட்டணி வேறெங்கும் பதிவாகவில்லை. யார் நண்பன், அவன் யாருக்கு நண்பன், போன முறை யார் உதவினான் என்ற கணக்கை ஆண்டுக்கணக்கில் தலையில் சுமக்க வேண்டும். மூளை பெருத்ததற்கு எதிரொலி ஒரு காரணம் என்றால், உறவு இன்னொரு காரணம். உறவைப் பேணுவதும் இங்கே ஒலிதான்.

இப்படி வாழும் உயிரைத் தொட்டியில் அடைக்கலாமா என்ற கேள்வியில், 2013 மே மாதம் மத்திய விலங்குக் காட்சியக ஆணையம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கொச்சியிலும் வேறு சில ஊர்களிலும் டால்பின் காட்சியகம் கட்டும் பேச்சு அப்போது அடிபட்டது. சென்னைக்கு அருகில் 1998-ல் பல்கேரியாவிலிருந்து காட்சிக்குக் கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களில் இறந்துபோன அனுபவமும் நாட்டுக்கு இருந்தது. பொழுதுபோக்குக்காக டால்பின்களை அடைத்து வைக்கும் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி தரக் கூடாது என்று அந்தச் சுற்றறிக்கை மாநிலங்களுக்குச் சொன்னது. இவற்றை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும் என்று அறிவியலாளர்கள் கூறுவதையும் அது எடுத்துக்காட்டியது. ஓர் இந்திய அரசு ஆவணத்தில் அந்தச் சொல் இடம்பெற்றதில் எனக்குப் பெருமை உண்டு. ஒலியால் வாழும் உயிரை நாற்புறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதன் குரலே அதன்மேல் மோதித் திரும்பும் தொட்டியில் அடைப்பது கொடுமை.

தொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கடலையே இரைச்சலாக்குவதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. புளோரிடாவில் டெல்டா, ரீஸ் என்ற இரண்டு டால்பின்களைக் கொண்டு நடந்த சோதனை 2023-ல் வெளியானது. நீருக்கடியில் தள்ளி வைத்த இரண்டு பொத்தான்களை இரண்டும் ஒரே நொடியில் அழுத்த வேண்டும். சீழ்க்கையடித்துப் பேசி வைத்து அழுத்தின. நூற்றுக்கு 85 முறை வெற்றி. ஒலிபெருக்கியில் இரைச்சலைக் கூட்டக் கூட்ட இரண்டும் உரக்கவும் நீட்டியும் சீழ்க்கையடித்தன, ஒன்றையொன்று நோக்கி உடலைத் திருப்பிக்கொண்டன. அப்படியும் வெற்றி 62.5 சதவீதமாக இறங்கியது. கப்பல் இயந்திரமும் சுழலியும் எழுப்பும் ஓசை இப்போது விழிஞ்ஞத்தின் அன்றாடம். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017 முதல், ஓர்க்கா திமிங்கிலங்கள் இரைதேடும் பருவத்தில் வந்துபோகும் கப்பல்களை வேகம் குறைக்கச் சொல்லி வருகிறது. வேகம் குறைந்தால் ஓசை குறைகிறது. மாலுமிகளில் பெரும்பாலோர் ஒத்துழைக்கிறார்கள். புதிதாகத் தொடங்கிய துறைமுகத்தில் இதை வழக்கமாக்குவது, பழைய துறைமுகத்தில் மாற்றுவதை விட எளிது.

ஓசையை விடக் கொடியது வலை. இந்தியப் பெருங்கடலில் சூரைக்காக விரிக்கும் செவுள்வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் சிறு திமிங்கிலங்களும் டால்பின்களும் சிக்கியிருக்கும் என்று 2020-ல் ஒரு சர்வதேசக் குழு மதிப்பிட்டது. 0.3 மில்லிமீட்டர் வேறுபாட்டைக் காதால் அளக்கும் விலங்கு ஏன் வலையில் மாட்டுகிறது? நைலான் இழை எதிரொலியை மிகக் குறைவாகவே திருப்புகிறது. டால்பினும் எந்நேரமும் ஒலி எறிந்துகொண்டிருப்பதில்லை. பழகிய நீரில், பாதி மூளை தூங்கும் நேரத்தில், இரையில் கவனம் குவிந்திருக்கும்போது வலை அதற்குத் தெரியாமல் போகிறது. மாட்டினால் மூச்சுக்கு மேலே வர முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்பதால், சிக்கியதைச் சொல்லவே மீனவர் அஞ்சுகிறார். கிழிந்த வலையின் நட்டம் அவர் தலையில்தான் விழுகிறது. இதில் யாருக்கும் ஆதாயம் இல்லை.

பாகிஸ்தான் கரையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வலையை நீர்மட்டத்தோடு மிதக்கவிடாமல், அதன் மேல்விளிம்பு இரண்டு மீட்டருக்குக் கீழே இருக்குமாறு தாழ்த்தி விரித்தார்கள். படகுத் தலைவர்களே ஒவ்வொரு பயணத்திலும் கணக்கு எழுதினார்கள். டால்பின், திமிங்கிலங்கள் சிக்குவது 78.5 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. மிதவைக் கயிற்றின் நீளத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். விழிஞ்ஞம், பூந்துறை, குமரி மாவட்டத்துத் தூத்தூர் என்று இந்தக் கரையோரப் படகுகள் சிலவற்றில், மீன்பாடு குறைந்தால் ஈடு தருவதாக உறுதியளித்து, ஒரு பருவத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம். எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு தாழ்த்தினால் சூரை தப்பாமல் ஓங்கில் தப்பும் என்பதை அந்தப் படகுகளின் மீனவர்களால்தான் சரியாகச் சொல்ல முடியும்.